மெதுவா விட்டா ஏறும்

அப்பாவின் வலது கையில் கட்டுப் போட்டிருந்த பதினெட்டு நாளும் அவர் ஸ்பூனால்தான் சாப்பிட்டார். ஊட்டிவிடுகிறேன் என்று என் மனைவி சொன்னதற்கு ‘வேண்டாம்மா’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து ரசம் சோற்றைத் தட்டின் ஓரம்வரை தள்ளிக்கொண்டுபோய் அள்ளுவதற்குள் பாதி சிந்திவிடும். எழுபத்தாறு வயதுக்காரர் பேரனின் விளையாட்டுக் கார் பேட்டரியைக் கொளுத்திக் கையைச் சுட்டுக்கொண்டார் என்ற செய்தி எங்கள் சொந்தபந்தத்தில் ஒரே நாளில் பரவியது. பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை டேபிளில் வைத்துவிட்டு அவருக்குப் புத்தி சொன்னார்கள். “இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங் மாமா இந்த வேலை?” அப்பா எல்லோருக்கும் சேர்த்துத் தலையாட்டினார். நானும் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

கார் வந்த கதையிலிருந்து சொல்கிறேன். பையன் எட்டாம் வகுப்பு. கோயம்புத்தூரில் எங்கள் தெருக்கோடியில் இருந்த இன்ஜினியரிங் மாணவன் ஒருவன் படிப்பு முடிந்து கிளம்பும்போது தன் ரிமோட் காரை விற்றான். பத்தில் ஒரு பங்கு அளவு, பெரிய சக்கரம், கல்லு மண்ணு எதிலும் ஏறும். கடைகளில் தொங்கும் பொம்மைக் கார் மாதிரி இல்லை. ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றி மாட்டலாம். கூடவே நீல நிறத்தில் ஒரு சார்ஜர், நாலு பட்டன், இரண்டு வரி எழுத்து ஓடும் சின்னத் திரை. அதற்குக் கரண்டு கொடுக்க 12 வோல்ட் அடாப்டர் ஒன்று. ஒரு பழைய பேட்டரி. எல்லாம் சேர்த்து ஒரு விலை. வாங்கிக்கொடுத்த சந்தோஷம் பையனைவிட எனக்குத்தான் அதிகம்.

அந்தச் சார்ஜரைப் பார்த்ததும் அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. சங்ககிரியில் அவர் முப்பது வருடம் பேட்டரிக் கடை வைத்திருந்தார். சங்ககிரி என்றால் லாரி. லாரி என்றால் பேட்டரி. கறுப்பு ரப்பர் பெட்டி, மேலே தார் உருக்கி ஊற்றி மூடியிருக்கும், ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவில் ஈயப் பட்டை வெளியே தெரியும். செல் ஒன்றுக்கு 2 வோல்ட், ஆறு செல், 12 வோல்ட். ராத்திரி முழுக்க வரிசையாகக் கோத்து ரெக்டிபயரில் போட்டிருப்பார். கடைக்குள் நுழைந்தாலே ஆசிட் வாசனை தொண்டையைப் பிடிக்கும். அவருடைய எல்லாச் சட்டையிலும் வயிற்றுப் பக்கம் பொடிப்பொடியாக ஓட்டை. அம்மா அதைத் தைத்ததே இல்லை. தைத்த நூலையும் ஆசிட் தின்றுவிடும் என்பாள்.

செத்துப்போச்சு என்று டிரைவர்கள் இறக்கிவிட்டுப் போகும் பேட்டரியை அப்பா லேசில் கைவிட மாட்டார். சார்ஜ் இல்லாமல் நெடுநாள் கிடந்த ஈய பேட்டரியில் பிளேட்டின் மேல் வெள்ளையாகச் சல்பேட் படிந்து இறுகிவிடும். கரண்டைக் கண்டபடி ஏற்றினால் ஆசிட் கொதிக்கும், சார்ஜ் ஏறாது. மிகக் குறைவாக வைத்து ஒரு நாள், இரண்டு நாள் விட்டால் அந்தச் சல்பேட்டில் ஒரு பங்கு கரைந்து மறுபடி ஆசிட்டுக்குள் போய்விடும். “மெதுவா விட்டா ஏறும்” என்பார். என் சின்ன வயதில் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். கணக்கு வராமல் நான் அழுதபோதும் இதையே சொல்லியிருக்கிறார். பிறகு பிளாஸ்டிக் பெட்டி வந்தது, ஈயப் பட்டை உள்ளே மறைந்தது. அதற்கும் பிறகு திறக்கவே முடியாத, தண்ணீர் ஊற்ற வேண்டாத பேட்டரி வந்தது. கடையை மூடிவிட்டு எங்களோடு வந்துவிட்டார்.

முதல் கோளாறில் ஜெயித்தது அப்பாதான். காரோடு வந்தது நிக்கல் பேட்டரி. 1.2 வோல்ட் செல் ஆறு, மொத்தம் 7.2 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர். சார்ஜரில் மாட்டினால் எட்டே நிமிடத்தில் ‘ஃபுல்’ என்று பீப் அடிக்கும். காரில் போட்டால் இரண்டு நிமிடம்கூட ஓடாது. சார்ஜர் கெட்டது என்று நான் முடிவு கட்டினேன். நிக்கல் பேட்டரி நிரம்பியதைச் சார்ஜர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று படித்த பிறகுதான் விளங்கியது. சார்ஜ் ஏற ஏற வோல்டேஜ் உயரும். முழுக்க நிரம்பியதும் பேட்டரி சூடாகி வோல்டேஜ் ஒரு மயிரிழை இறங்கும். அந்த இறக்கத்தைத்தான் சார்ஜர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. மாசக்கணக்கில் சும்மா கிடந்த பேட்டரியில் ஆரம்பத்திலேயே வோல்டேஜ் ஏறி இறங்கித் தடுமாறும். சார்ஜர் அதைப் பார்த்து நிரம்பிவிட்டது என்று ஏமாந்துவிடும்.

இதையெல்லாம் நான் போனில் படித்துச் சொல்லும் முன்பே அப்பா சொல்லிவிட்டார். “ரொம்ப நாளாக் கெடந்திருக்குது. கொறைச்சு வெச்சு ராத்திரி பூரா விடு.” 0.2 ஆம்பியருக்கும் கீழே வைத்து, ஹாலில் பாய் போட்டு அவரே பக்கத்தில் படுத்துக்கொண்டார். இந்த வகை பேட்டரிக்குக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டு, பதினாலு பதினாறு மணி நேரம் என்பது சரியான வைத்தியமும்கூட. மறுநாள் சாயங்காலம் கார் பதினைந்து நிமிடம் ஓடியது. பையன் தாத்தாவை ‘அப்பாரு, அப்பாரு’ என்று சுற்றிச் சுற்றி வந்தான்.

அதோடு விடவில்லை அவர். ஓடி முடித்த காரைக் கவிழ்த்து, ஒவ்வொரு இடமாக விரலை வைத்துப் பார்த்தார். பேட்டரிக்கும் காருக்கும் நடுவில் இருந்த வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டர் பழுப்பேறி, தொட முடியாத சூட்டில் இருந்தது. உள்ளே இருந்த தகரக் குழாய் விரிந்து, பிடிப்பு விட்டுப்போயிருந்தது. பிடிப்பு இல்லாத இடத்தில் மின்தடை; மின்தடை இருக்கும் இடத்தில் சூடு. மோட்டாருக்குப் போக வேண்டியது அங்கே உட்கார்ந்துகொள்கிறது. லாரி பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாதே, அதே விஷயம். காந்திபுரத்தில் வேறு வகை கனெக்டர் வாங்கி வந்து மாற்றினோம்.

இதற்குப் பிறகுதான் லைப்போ வந்தது. லித்தியம் பாலிமர் பேட்டரி. இரண்டு செல், 7.4 வோல்ட், 5200 மில்லி ஆம்பியர். ஆன்லைனில் வாங்கினேன். ஒரு வாரத்துக்கும் மேலாகத் தரைவழியாக வந்தது. காரில் போட்டு ஓட்டிய முதல் நாள், நின்ற இடத்திலிருந்து முன்சக்கரம் இரண்டும் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. பையன் கத்திய கத்தில் எதிர்வீட்டு நாய் ஓடியது.

லைப்போவில் மெல்லிய மூன்று கம்பி வெள்ளை பிளக்கில் முடியும். அதுதான் பேலன்ஸ் பிளக். இரண்டு செல்லையும் தனித்தனியாகச் சார்ஜர் பார்ப்பதற்கான வழி. ஒரு செல் 3.7 வோல்ட் என்று பெயர், நிரம்பினால் 4.2, அதற்கு மேல் போகக்கூடாது. 3-க்குக் கீழே இறங்கக்கூடாது. எடுத்து வைப்பதானால் 3.8 சுமாருக்கு வைக்க வேண்டும். ஈய பேட்டரி கொஞ்சம் கூடக் குறையப் பொறுத்துக்கொள்ளும். லைப்போ அந்த 4.2-ஐத் தாண்டினால் பொறுக்காது. மூன்று செல் லைப்போ முழுக்க நிரம்பினால் 12.6 வோல்ட்; நல்ல நிலையில் இருக்கும் லாரி பேட்டரியும் ஏறக்குறைய அதே 12.6-தான் காட்டும். இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் பரம திருப்தி. எனக்கும் இரண்டும் ஒரே குடும்பம் என்ற நினைப்பு அன்றைக்கே வந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் சார்ஜர் ‘கனெக்ஷன்’ பிழை என்று காட்டி மறுத்தது. மல்டிமீட்டரை எடுத்தேன். பெரிய கம்பியில் மொத்தம் 7.8 வோல்ட் இருந்தது. பேலன்ஸ் பிளக்கில் கறுப்புக்கும் நடுக்கம்பிக்கும் 3.9. நடுக்கம்பிக்கும் சிவப்புக்கும் ஒன்றுமில்லை. மொத்தத்தில் இருப்பது பாதியில் காணாமல் போகாது. ஆக செல் உயிரோடு இருக்கிறது, கம்பிதான் விட்டிருக்கிறது. பையன் பிளக்கைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து இழுத்ததில் உள்ளிருந்த சின்னப் பின் பின்வாங்கியிருந்தது. ஒன்றோடொன்று உரசாமல் ஊசியால் தள்ளி, டிக் என்று உட்காரும்வரை அழுத்தினேன். வேலை முடிந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிய நாள் அது.

மூன்றாவது கோளாறுக்கு வருகிறேன். காலாண்டு விடுமுறைக்குப் பையன் மனைவியோடு அவள் அம்மா வீட்டுக்குப் போனான். போவதற்கு முன்னால் கார் ஊர்ந்து நிற்கும்வரை ஓட்டிவிட்டு, பேட்டரியைக் கழற்றாமல் அலமாரியில் வைத்துவிட்டான். பத்து நாள் கழித்து எடுத்துச் சார்ஜரில் போட்டால் ‘லோ வோல்டேஜ்’. அளந்தேன். ஒரு செல் 2.3, இன்னொன்று 1.8.

சார்ஜர் மறுத்ததோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத பேட்டரி. பேட்டரிக் கடைக்காரர் மகன் வேறு. ஒரு குறுக்குவழி பலரும் சொல்வது எனக்குத் தெரியும். சார்ஜரிடம் இது லைப்போ இல்லை, நிக்கல் என்று பொய் சொல்ல வேண்டும். நிக்கல் என்றால் அது செல்களைத் தனித்தனியாகப் பார்க்காது, கேள்வி கேட்காமல் ஏற்றும். 0.2 ஆம்பியரில் வைத்து, மீட்டரைக் கையில் பிடித்தபடி, மொத்தம் 6 வோல்ட் தாண்டியதும் நிறுத்தி, லைப்போவுக்கு மாற்றிப் போட்டேன். ஏற்றுக்கொண்டது. பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்துச் சொன்னேன்: “பாத்தியா? அப்பாரு என்ன சொல்வாங்க? மெதுவா விட்டா ஏறும்.” அப்பா அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் கார் ஓடும் நேரம் குறைந்தது. முன்பு இரண்டு செல்லின் உள் மின்தடையும் 6 மில்லி ஓம் அளவில் இருந்தது. இப்போது ஒன்று 20-ஐத் தாண்டிவிட்டது. பேட்டரியின் ஒரு பக்கம் லேசாக மேடு தட்டியது. பார்த்தேன், புதிய பேட்டரி அடுத்த மாதம் வாங்கலாம் என்று வைத்துவிட்டேன். அதைவிடப் பெரிய தப்பு, வோல்டேஜ் ஏன் அவ்வளவு கீழே இறங்கியது என்று நான் தேடவே இல்லை. பையன் கழற்றாமல் வைத்ததுதான் காரணம் என்று அவனைத் திட்டியதோடு சரி.

ஆகவே அது திரும்பவும் நடந்தது. ஒரு சனிக்கிழமை. எனக்கு ஆபீஸ், மனைவி துணிக்கடைக்குப் போயிருந்தாள். ‘லோ வோல்டேஜ்’ என்று வந்ததும், என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை வரிசை மாறாமல் பையன் செய்தான். நிக்கலுக்கு மாற்றினான். கரண்டு 2 ஆம்பியர் என்று இருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. “மெதுவாத்தானே வெச்சிருக்கற?” என்று அப்பா கேட்டிருக்கிறார். “ஆமாங் அப்பாரு” என்றிருக்கிறான். அந்தத் திரையின் பொடி எழுத்து அவருக்குத் தெரியாது. நண்பன் வந்து கூப்பிட, பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்பா சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார்.

நிக்கல் என்று நம்பிய சார்ஜர், நிக்கலுக்கு வரும் அந்த வோல்டேஜ் இறக்கத்துக்காகக் காத்திருந்திருக்கும். லைப்போவில் அது வராது. நொந்துபோன செல் சீக்கிரம் நிரம்பி 4.2-ஐத் தாண்டியதா, அதற்கு முன்பே உள்ளே ஷார்ட் ஆனதா என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை. அப்பாவை எழுப்பியது வாசனை. நெயில் பாலிஷ் மாதிரி ஒரு தித்திப்பு நெடி என்றார். கண்ணைத் திறந்தால் பேட்டரி சின்னத் தலையணைபோல உப்பியிருக்கிறது. சுவர் பிளக்கை அணைத்து, கம்பியைப் பிடுங்கி, பேட்டரியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடியிருக்கிறார். துவைக்கிற கல்லை எட்டுவதற்கு ஒரு அடி இருக்கும்போது ஓரம் கிழிந்து ஊதுகுழல் மாதிரி தீ வந்தது. கல்லின் மேல் வீசிவிட்டு, பக்கத்து மனையில் கொட்டியிருந்த எம்-சேண்டை இடது கையால் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கக்கூடும், சுவாசிக்கவே கூடாது. ஹாலில் அது நடந்திருந்தால் அவர் நாற்காலிக்கும் திரைச்சீலைக்கும் இரண்டடிதான் இடைவெளி. அதை நான் பல ராத்திரி அளந்து பார்த்துவிட்டேன்.

பையன் திரும்பி வரும்போது தெருவே கூடியிருந்தது. “நான்தான் சார்ஜ் போட்டேன், தூங்கிப்போட்டேன்” என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார். பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணன் சேலத்திலிருந்து போன் பண்ணி, “வயசானவரைத் தனியா விட்டுட்டுப் போறீங்களா?” என்று என்னைக் கேட்டான். வயசானவரைத் தனியாக விட்டதுதான் குற்றம் என்பதுபோல நானும் “ஆமாண்ணா, இனிமே பாத்துக்கறேன்” என்றேன்.

பதினோராவது நாளோ என்னவோ, தூக்கம் வராமல் காரைக் கழற்றி உட்கார்ந்தேன். மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் பெட்டி, இ.எஸ்.சி. என்பார்கள், அதன் ஓரத்தில் உளுந்து அளவில் ஒரு கறுப்பு மூடி, மூன்று பின்களில் இரண்டை இணைத்தபடி. பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு பெயர். மூடி நிக்கல் பக்கம் இருந்தது. பழைய ஓனர் நிக்கல் போட்டு ஓட்டியவன். அவனுக்கு அதுதான் சரி. லைப்போ போடுகிறவன் மூடியை அந்தப் பக்கம் மாற்றியிருக்க வேண்டும். மாற்றியிருந்தால் செல் வோல்டேஜ் ஒரு எல்லைக்கு இறங்கியதும் பெட்டியே மோட்டாருக்குக் கரண்டை நிறுத்தியிருக்கும். நாங்கள் ஓட்டிய ஒவ்வொரு நாளும் பேட்டரி எல்லை தாண்டித்தான் இறங்கியிருக்கிறது. சார்ஜரில் நான் சொன்ன பொய்யைக் காரும் தன் பங்குக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. நகத்தால் நிமிண்டினால் கழன்று வரும் மூடி.

மனைவியை எழுப்பிச் சொன்னேன். மூடி, நிக்கல், பையனுக்கு நான் காட்டிக்கொடுத்தது, எல்லாவற்றையும். பாதியிலேயே, “எனக்குத் தெரியுமுங்க. பையன் அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டான்” என்றாள். அப்படியென்றால் அப்பாவை ஏன் எல்லோரும் பேசும்போது சும்மா இருந்தாய் என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை. “மாமாதான் சொல்ல வேண்டாம்னாங்க. நீங்களா சொல்லட்டும்னாங்க” என்றாள். விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் அப்பாவின் எதிரில் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புழங்குவதில்லை. அதனால் பேட்டரியைப் பற்றியே பேசினேன். ஈயத்தில் சல்பேட் கரைந்து திரும்பிப் போகிறது. லித்தியத்தில் வேறு கதை. உள்ளே மெல்லிய செம்புத் தகடு இருக்கிறது. வோல்டேஜ் ரொம்பக் கீழே இறங்கினால் அந்தச் செம்பே கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் போடும்போது கரைந்தது கண்ட இடத்தில் படியும், தடுப்புத் தாளைத் தாண்டி இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இணைத்துவிடும். மெதுவாக விட்டாலும் படிந்தது படிந்ததுதான்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “பிளேட்டு உதுந்து அடியில மண்டி சேந்து ஷார்ட் ஆகுமே, அந்த மாதிரியா?”

“ஆமாங்ப்பா. அதே மாதிரிதான்.”

“அந்த பேட்டரிய நான் சார்ஜுக்கே எடுக்க மாட்டனே.” அவர் குரலில் முதல்முறையாகக் கோபம். “ஒவ்வொரு செல்லா டெஸ்டர் வெச்சுப் பாப்பேன். ஹைட்ராமீட்டர்ல உறிஞ்சிப் பாப்பேன். அஞ்சு செல்லு ஏறி ஒண்ணு மட்டும் ஏறலீன்னா, அது ஷார்ட்டு. வண்டிக்காரன் கால்ல விழுந்தாலும் சார்ஜ் போட மாட்டேன். நீயே சாக்பீஸ்ல நம்பர் எழுதுவியே, மறந்துட்டியா?”

மறந்துதான் போயிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் ‘ஆயிரத்து எரநூத்தி நாப்பது, நாப்பது, முப்பது’ என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொரு செல் மூடிக்கு நேராக நான்தான் எழுதுவேன். அந்த ஆறு எண்ணையும் பார்த்த பிறகுதான் அவர் ‘மெதுவா விட்டா ஏறும்’ என்பதைச் சொல்வார். சில பேட்டரியின் முன்னால் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்விடுவார்; அது கடைக்குப் பின்னால் பழைய ஈயக் குவியலுக்குப் போகும். எனக்கு அந்த வாக்கியம் மட்டும் ஞாபகமிருந்தது. எழுந்துபோன நாட்கள் ஞாபகமில்லை.

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மற்றவர்களிடம் அவரவர் வரும்போது சொன்னேன். ஒரு மாமா மட்டும், “இருந்தாலும் அப்பா பாத்திருக்கோணும்” என்றார். விட்டுவிட்டேன்.

மூடியை லைப்போ பக்கம் மாற்றினோம். புதிய பேட்டரி வாங்கினோம். மனைவிக்கு அதில் இஷ்டமில்லை. அப்பாதான் வாங்கச் சொன்னார். சார்ஜ் போடுவது இப்போது பின்கட்டில், துவைக்கிற கல்லின் மேல் வைத்த மண் தொட்டிக்குள், பக்கத்தில் ஒரு பெயின்ட் பக்கெட் நிறைய மணல். 5200-க்கு 5 ஆம்பியர்வரை போகலாம் என்றாலும் 3-தான் வைக்கிறோம். ஆள் ஒருவர் விழித்தபடி இருக்க வேண்டும். கட்டுப் பிரித்த கையில் உள்ளங்கைத் தோல் இன்னும் வெளுப்பாக, பளபளப்பாக இருக்கிறது. பேனா பிடிக்க வருகிறது, கொஞ்சம் கோணலாக.

புதிய பேட்டரியின் முதல் ஓட்டத்தில் இருபது நிமிடம் கழித்து கார் திடீரென்று நடுரோட்டில் நின்றது. “அப்பா, ரிப்பேர்!” என்று பையன் பதறினான். பெட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது என்று எனக்குப் புரிவதற்குள் அப்பா திண்ணையிலிருந்து கூப்பிட்டார்.

“கழட்டி எடுத்துட்டு வா கண்ணு. மீட்டர் வெய்யி.”

கடைக் காலத்து நீள நோட்டு ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்து வைத்திருந்தார்.

“மொதல் செல்லு?”

“மூணு புள்ளி அஞ்சு ரெண்டு அப்பாரு.”

“ரெண்டாவது?”

“மூணு புள்ளி அஞ்சு ஒண்ணு.”

அப்பா இரண்டையும் எழுதிவிட்டு, “தேதி என்ன இன்னைக்கு?” என்று கேட்டார்.